கிளிப்புக்காரர் தன் விரலை வைத்த நாள்

என் அக்காவின் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி மலை ஏறினவன், இறங்கினவன் எல்லோருக்கும் அவர் கிளிப்பு. காயப்போட்ட துணியில் மாட்டுவோமே, அதைப் போல வாயைத் திறந்து விரலைக் கவ்வும் ஒரு சின்னக் கருவி. கவ்வியதும் உள்ளே சிவப்பாக வெளிச்சம் எரியும். ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணைக் காட்டும். அந்தக் கருவியோடு ஒரே மேஜையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

எனக்கு அவர் அத்தான். நான் வேன் ஓட்டுகிறவன். அடிவாரத்திலிருந்து மலை மேல் இருக்கும் சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. பாதி வழியில் அந்த ஆட்களை இறக்கி உட்கார வைப்பது அவர் வேலை. இப்படி இரண்டு பேர் ஒரே குடும்பத்தில் இருந்தால் எப்படி ஒத்துப்போகும்? ஒத்துப்போகவே இல்லை. அவரைப் பற்றி நான் எங்கேயாவது நல்லதாகச் சொல்லிவிட்டால் அதை அரை மனதோடுதான் சொல்கிறேன் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பாதி வழியில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு நடு விடுதி என்று பெயர். மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் உயரம். சுரங்கமும் அதைச் சுற்றிய சின்ன ஊரும் அதற்கும் மேலே, நாலாயிரத்து எழுநூறில். கீழேயிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் நடு விடுதியில் மூன்று ராத்திரி சும்மா இருக்க வேண்டும். நாலாம் நாள் காலை விரலை நீட்ட வேண்டும். எண்பத்தாறோ அதற்கு மேலோ வந்தால் அத்தான் ‘ஏறலாம்’ என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே என்றால் இன்னும் சும்மா இருக்க வேண்டும். எண்பதுக்கும் கீழே போனால் ஒரு மணி நேரத்துக்குள் என் வேனில் ஏற்றிக் கீழே இறக்கிவிட வேண்டும். இந்த விதிகளை அத்தானே எழுதி, கம்பெனியிடம் ஒப்புதல் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சட்டத்தைத் தினமும் துடைப்பார்.

புதிதாக வந்தவர்களுக்கு முதல் நாள் ஒரு பிரசங்கம் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் அதை ஒப்பிப்பேன்.

“இங்க காத்து மெலிசு. கீழ ஒரு மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜன்ல மூணுல ரெண்டு பங்குதான் இங்க கிடைக்கும். உங்களுக்கு அது தெரியாது, உங்க உடம்புக்குத் தெரியும். முதல்ல வேகமா மூச்சு வாங்கும். நெஞ்சு வேகமா அடிக்கும். அப்புறம் ரத்தத்துல இருக்கற தண்ணியைக் கொஞ்சம் வெளிய தள்ளும். அதனால நாலு தடவை பாத்ரூம் போவீங்க, யாரும் வெட்கப்பட வேணாம். அப்புறம் எலும்புக்குள்ள புதுசு புதுசா சிவப்பணு செய்ய ஆரம்பிக்கும். அதுக்கு வாரக்கணக்கு ஆகும். உடம்பு அது பாட்டுக்கு வேலை பார்க்குது. நீங்க நடுவுல பூந்து கெடுக்காம இருங்க, போதும்.”

கெடுக்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. ஓடக்கூடாது. பெட்டி தூக்கக்கூடாது. வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது. முக்கியமாக, சண்டை போடக்கூடாது, நெஞ்சு படபடக்கும். சண்டை வந்தே தீரும் என்றால் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கீழே இறங்கியபின் போட்டுக்கொள்ளலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதற்கென்றே அலமாரியில் நாற்பது பக்க நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்.

அவரே நடப்பதைப் பார்த்தால் விளிம்பு வரை நிறைந்த டம்ளரைக் கையில் வைத்திருப்பவர் மாதிரி இருக்கும். ஒரு முறை சமையலறைத் திரைச்சீலையில் தீப்பிடித்து, நான் தொண்டை கிழியக் கத்தினேன். மனிதர் அதே நடையில் வந்து சேர்ந்தார். அதற்குள் நான் தீயை அணைத்து, பாதி திரையை மடித்தும் வைத்துவிட்டேன்.

எண் விஷயத்தில் தாட்சண்யமே கிடையாது. கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் எழுபத்தெட்டு காட்டியபோது, கட்டியிருந்த டையோடு அவரை என் வேனில் படுக்க வைத்து அனுப்பினார். “உன் வேலையை என்ன பண்றேன் பாரு” என்று அதிகாரி வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். கீழே வரவர மூச்சு சீராகி, திட்டும் பலமாகிக்கொண்டே போனது. அடிவாரத்தில் இறங்கும்போது நல்ல ஆரோக்கியமாகத் திட்டினார்.

ஆரம்பத்தில் அத்தான் இப்படி இல்லை. வந்த புதிதில் ஒரு நில அளவையாளர் எண்பத்து நாலு காட்டிவிட்டு, மேலே வேலை கெட்டுவிடும் என்று கெஞ்சியிருக்கிறார். இரண்டு எண்தானே என்று அத்தானும் விட்டுவிட்டார். மறுநாள் அவரை நான்தான் இறக்கிக்கொண்டு வந்தேன். வாயில் நுரை, நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். பிழைத்துக்கொண்டார். இப்போதும் வருடத்துக்கு ஒரு முறை நலம் விசாரித்துக் கடிதம் போடுகிறார். அத்தான்தான் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யார் காலில் விழுந்தாலும் அவர் எண்ணை மட்டும்தான் பார்த்தார்.

விடுதியில் சமையல் என் அக்கா. அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஆனால் உருளைக்கிழங்கு வேகாது. தண்ணீரைவிடச் சீக்கிரம் கொதிப்பவள் என் அக்கா. அவளுக்கு ஒரே குறை. இவர் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதாம். நிற்கும்போது இவள் எழுந்து உட்கார்ந்து எண்ணுவாளாம்.

“புதுசா வந்தவங்களுக்கு இந்த உயரத்துல அப்படித்தான் இருக்கும்” என்பார் அத்தான்.

“நீங்க இருபத்திரண்டு வருஷமாப் புதுசா?” என்பாள் அக்கா.

அவர் உதடு வேறு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. கேட்டால் குளிர் என்பார். கண் சிவந்திருந்தால் தூசி. தலைவலி என்றால் என் வேனின் ஹாரன். காது இரைச்சலுக்கும் அதே ஹாரன்தான். நாங்களும் நம்பினோம். ஏனென்றால் விடுதிப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரி அவருடையது: ‘விடுதி அலுவலர் – 91’. ஊருக்கே எண் சொல்கிறவர் தன் எண்ணில் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

அவர்களுக்கு ஒரே பெண். சுரங்கத்தில் ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் கூண்டை இயக்குகிறாள். நான் ஏற்றுகிறேன், அவள் அப்பா நிறுத்துகிறார், அவள் இறக்குகிறாள்; இந்தக் குடும்பத்தில் ஒருவரும் ஒரு மனிதனைப் போட்ட இடத்தில் விட்டதில்லை. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை, இல்லை, அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை, கடற்கரை ஊர்க்காரன். கம்ப்ரஸர் மெக்கானிக். போன வருடம் சுரங்கத்துக் கம்ப்ரஸரைப் பழுதுபார்க்க வந்தபோது எண்பத்தெட்டு காட்டி, சீட்டு வாங்கி, மேலே போய் இரண்டு மாதம் இருந்தான். கம்ப்ரஸர் முதல் வாரமே சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். மீதி ஏழு வாரம் எதைப் பழுதுபார்த்தான் என்று நான் கேட்கவில்லை.

பெண் வேலை செய்யும் ஊரில்தான் திருமணத்தைப் பதிய வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் கொடுத்துத் தொண்ணூறு நாளுக்குள் பதியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடலோரத்தில் வேலை, பிறகு மழை, பிறகு சாலையில் மண்சரிவு என்று தள்ளித் தள்ளி, மாப்பிள்ளையும் அவன் அப்பா அம்மாவும் என் வேனில் வந்து நடு விடுதியில் இறங்கியபோது நாலு நாள்தான் மிச்சம். மூன்று ராத்திரி சும்மா இருந்து, நாலாம் நாள் காலை சீட்டு வாங்கி, மத்தியானம் மேலே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அன்றோடு கெடு முடிகிறது.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மூச்சு விடுவதுபோலச் சண்டை போடுகிறவர்கள். அதில் பகை எதுவும் இல்லை, பழக்கம்தான். வந்த அரை மணி நேரத்தில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஆரம்பித்தார்கள். அத்தான் மெதுவாக எழுந்து, மெதுவாக அலமாரியைத் திறந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நோட்டைக் கொடுத்தார்.

“சம்பந்தி, இது என்னங்க?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“சண்டையை இதுல எழுதிடுங்க. கீழ போய்ப் போட்டுக்கலாம்.”

மாப்பிள்ளையின் அம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி முதல் பக்கத்தை நிரப்பிப் புருஷனிடம் நீட்டினார். அவர் படித்தார், முகம் சிவந்தது, பதில் எழுதினார். இப்படி மூன்று நாள். சாப்பாட்டு மேஜையில் நோட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். ஒரு சமயம் மாப்பிள்ளையின் அப்பா எழுதியதைப் படித்துவிட்டு, சம்பந்தியம்மா நோட்டை மூடி வைத்து, ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, “இதுக்கு நாலு பக்கம் வேணும்” என்றார்.

நாலாம் நாள் காலை எட்டு மணி. அத்தான் மேஜையில் உட்கார்ந்தார். சம்பந்திகள் இருவரும் எண்பத்தெட்டு, எண்பத்தேழு என்று தேறிவிட்டார்கள்.

“அடுத்தவர்.”

“குட் மார்னிங், மாமா” என்று மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான்.

“இந்த மேஜைல மாமா கிடையாது. விரலை வைங்க.”

“சரிங்க, சார்.”

எண்பத்து மூன்று. கையைச் சூடாகத் தேய்க்கச் சொல்லி வேறு விரலில் வைத்தார். எண்பத்து நாலு. பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். எண்பத்து நாலிலேயே நின்றது.

“போன தடவை எண்பத்தெட்டு இருந்துச்சே, சார்!”

“அது போன தடவை ரத்தம். நீங்க ஆறு மாசம் கடலோரத்துல இருந்தீங்க. வேணாம்னு உடம்பு அதைக் கரைச்சிடுச்சு. இப்ப மறுபடி செய்யுது. நீங்க அவசரப்படறீங்க, அது அவசரப்படல.”

“சம்பந்தி, ரெண்டு எண்தானே” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“எண்பத்து நாலுல ஒரே ஒருத்தரை விட்டிருக்கேன். அவரை எப்படி இறக்கிட்டு வந்தான்னு என் மச்சானைக் கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நெஞ்சுச் சத்தம் ஞாபகம் வந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

மேலே போன் போட்டோம். என் மருமகள், அதாவது அக்கா மகள், விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “மாமா, அவர் ஏற முடியலன்னா நாங்க இறங்கறோம். நடு விடுதியும் எங்க பதிவாளரோட எல்லைக்குள்ளதான். பதிவாளரை ஜீப்ல ஏத்திக் கூட்டிட்டு வரேன். பதினோரு மணிக்கு அங்க இருப்போம்” என்றாள். கூண்டு இயக்குகிறவளுக்கு இந்த மாதிரி மூளை இருக்கும். எல்லோருக்கும் உயிர் வந்தது. அக்கா நல்ல புடவை மாற்றப் போனாள். அத்தான்கூட இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறிக்கொண்டு வந்தார். அந்தச் சட்டையை ஆறு மாதமாக இந்த நாளுக்கென்று எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

காத்திருக்கிற நேரத்தில் சம்பந்தியம்மாவுக்குப் பொழுது போகவில்லை. மேஜை மேலிருந்த கிளிப்பை எடுத்து ஒவ்வொருவர் விரலாக மாட்ட ஆரம்பித்தார். அக்காவுக்கு எண்பத்தொன்பது. எனக்குத் தொண்ணூறு. சமையலறையிலிருந்து ஒரு கேரட்டைக் கொண்டுவந்து மாட்டினார். கேரட்டுக்கு எண் வரவில்லை.

“சம்பந்தி, நீங்களும் நீட்டுங்க.”

“நான் காலைலயே பார்த்தாச்சு. தொண்ணூத்தி ஒண்ணு.”

“எப்ப பார்த்தீங்க?” என்றாள் அக்கா. “காலைலேர்ந்து உங்க பக்கத்துலதானே இருக்கேன். எழுதினதைத்தான் பார்த்தேன்.”

“அதான் சொல்றேனே, பார்த்தாச்சு.”

“பார்த்ததையே இன்னொரு தடவை பார்த்தா விரல் தேஞ்சு போயிடுமா?” அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக் கிளிப்பை மாட்டினாள்.

எழுபத்தாறு.

சம்பந்தியம்மா சிரித்தார். கேரட்டு மாட்டியதில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தார். நான் பேட்டரியை மாற்றினேன். எழுபத்தாறு. என் விரலில் மாட்டினேன், தொண்ணூறு. திரும்ப அவருக்கு. பத்து விரலிலும் வைத்துப் பார்த்தோம். இடது கை மோதிர விரல் மட்டும் எழுபத்தேழு காட்டியது. அதற்காக அந்த விரலைத் தட்டிக்கொடுக்கவா முடியும்?

அக்கா பதிவேட்டை எடுத்து வேகவேகமாகப் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று ஒன்று. போன வாரமும், போன மாதமும், அலமாரியிலிருந்து எடுத்த பழைய பதிவேடுகளிலும் அதே எண். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களிலும் தொண்ணூற்று ஒன்று.

அத்தான் இறக்கும் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். தன் பெயரை எழுதினார். எண் எழுபத்தாறு என்று எழுதினார். ‘அலுவலர்’ என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, ‘நோயாளி’ என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து. கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒன்பது இருபது. பத்து இருபதுக்குள்ள என்னை இறக்கணும். மச்சான், வண்டியை எடு.”

“உங்க பொண்ணு பதினோரு மணிக்கு வரா!” என்று அக்கா கத்தினாள்.

“வரட்டும். நீ இருந்து கல்யாணத்தை முடிச்சு வை. நான் போறேன்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “அத்தான், இதே ரத்தத்தோட இத்தனை நாளா நடமாடிட்டு இருந்தீங்க. இன்னும் ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிடும்?”

“பழசா புதுசான்னு விதில எழுதல.”

“எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப மாத்தி எழுதுங்க!”

“நோயாளிக்கு விதியை மாத்தற அதிகாரம் இல்ல, மச்சான்.”

இப்படிப்பட்ட மனிதரோடு என் அக்கா இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். நான் விறுவிறுவென்று வெளியே போய் வேனின் முன்மூடியைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கினேன். திரும்பி வந்து, “வண்டி ஸ்டார்ட் ஆகல” என்றேன்.

வண்டி வரும்வரை நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. முகமூடியை மாட்டிக்கொண்டார். பேச முடியாது. பத்து இருபது ஆனதும், சக்கரம் வைத்த சிலிண்டரை அக்கா இழுத்துக்கொண்டு வர, அவர் அதே டம்ளர் நடையில் வெளியே வந்து, முன்மூடிக்குள் எட்டிப் பார்த்தார். வயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டி, அதில் எழுதினார்: ‘10.20. வண்டி பழுது. காரணம்: ஓட்டுநர்.’

வயரை மாட்டு என்று மட்டும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

பதினொன்று ஐந்துக்கு ஜீப் வந்தது. என் மருமகள் குதித்து இறங்கினாள். பின்னாலேயே ஜலதோஷம் பிடித்த பதிவாளர், பெரிய பதிவேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அப்பாவை முகமூடியோடு பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அக்கா பழைய பதிவேடுகளை அப்படியே அவள் கையில் கொடுத்தாள். இந்த மாதிரி நேரத்தில் என் அக்காவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“அப்பா, இந்தத் தொண்ணூத்தி ஒண்ணை எழுதினது யாரு?”

அத்தான் முகமூடியை விலக்கினார். “நான்தான்.”

“எத்தனை நாளா?”

“பதினோரு வருஷமா. ஒரு நாள் காலைல வெச்சுப் பார்த்தேன். எண்பத்தொண்ணு காட்டுச்சு. எண்பத்தொண்ணுன்னா இறக்க வேண்டியதில்ல. அன்னிக்கு நான் விதியை மீறல. ஆனா மறுநாள் என்ன காட்டுமோன்னு பயந்துட்டேன். நீ அப்ப எட்டாவது. கூண்டுதான் ஓட்டுவேன்னு அப்பவே சொல்லிட்டிருந்தே. என்னை இறக்கிட்டா நான் கீழ, நீ மேல. அதனால அப்புறம் விரலை வைக்கவே இல்ல.”

“ஊர்ல இருக்கறவன் எண்ணெல்லாம் பார்த்தீங்க. உங்க எண்ணை என்கிட்ட மறைச்சிட்டீங்களேப்பா!”

“அழாதேம்மா. அழுதா நெஞ்சு படபடக்கும்.”

“ஒரு நோட்டை எடுத்துக் கொடுங்களேன்!” என்றாள் அக்கா. “எழுதி வெச்சுக்கிட்டுக் கீழ போய் அழட்டும்!” சொல்லிவிட்டு அவளும் அழுதாள். பதினோரு வருடம் இந்த மனிதரைக் கல் என்று நினைத்துக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். “நாற்பத்தஞ்சு நிமிஷம் தாமதம். இனி ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன். வண்டி சரியாயிடுச்சா, மச்சான்?”

“உறுதிமொழி வாசிக்கவே அரை மணி நேரம் ஆகுமே” என்றார் பதிவாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“உங்க எல்லை எதுவரைக்கும் சார்?” என்று கேட்டாள் என் மருமகள்.

“கீழ பதினோராவது கிலோமீட்டர் கல் வரைக்கும்.”

“எல்லாரும் வண்டில ஏறுங்க.”

ஏறினோம். பதிவாளர் என் பக்கத்து இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நடுவில் மாப்பிள்ளை, பெண், சம்பந்திகள். கடைசியில் படுக்கையில் அத்தான். சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி அக்கா. முதல் வளைவிலேயே பதிவாளர் வாசிக்கத் தொடங்கினார். மூன்று பக்கம். இறங்க இறங்க அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. வரிக்கு வரி கொட்டாவி விட்டு, காதைத் திறந்துகொண்டு, விட்ட இடத்தைத் தேடினார். நான் வண்டியை சைக்கிள் வேகத்தில் உருட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே இழுத்து ஏசினான்.

“நிறுத்திட்டா என்ன?” என்றான் மாப்பிள்ளை.

பின்னாலிருந்து முகமூடி விலகும் சத்தம். “நோயாளி ஏறின வண்டியை நடுவுல நிறுத்தக்கூடாது.”

ஒன்பதாவது கல்லில் இரண்டாம் பக்கம் முடிந்தது. பத்தாவது கல் தாண்டியும் மூன்றாம் பக்கத்தில் பாதி பாக்கி. பதினோராவது கல் கண்ணில் பட்டபோதுதான் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டான். அடுத்து என் மருமகள். அடுத்து அவன் அப்பா சாட்சி. பெண் வீட்டுச் சாட்சி பாக்கி. முன் சக்கரம் கல்லைத் தாண்டியது.

“தாண்டிட்டோம்!” என்று பதிவாளர் அலறினார். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “இருங்க, நான்தான் தாண்டியிருக்கேன். பதிவேடு இன்னும் தாண்டல! பின்னாடி தள்ளுங்க!” என்றார்.

எல்லோரும் சேர்ந்து பதிவேட்டைப் பின்னால் தள்ளினார்கள். மாப்பிள்ளை கையிலிருந்து அம்மா கைக்கு, அங்கிருந்து அக்கா மடிக்கு. வண்டியின் வால் மட்டும் எல்லைக்குள் இருக்க, அத்தான் படுத்தபடியே முகமூடியைக் கழற்றி, தன் வாழ்நாளில் முதல் முறையாக அவசரமாக, ஒரு கையெழுத்துப் போட்டார். கல் பின்னால் போனது. பெண்ணின் கையை அவர் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். அடிவாரம் வரை அந்தக் கை விடவில்லை.

பதினைந்தாவது கல்லில் மாப்பிள்ளையின் அம்மா, “இங்க எவ்வளவு உயரம்?” என்று கேட்டார்.

“ரெண்டாயிரத்து எண்ணூறு” என்றேன்.

“சண்டை போடலாமா, சம்பந்தி?”

படுக்கையிலிருந்து கட்டைவிரல் உயர்ந்தது. சம்பந்தியம்மா நோட்டைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றாம் பக்கத்திலிருந்து கணவரிடம் உரக்க ஆரம்பித்தார்.

கீழே டாக்டர் அத்தானின் ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பாகு என்றார். மலையில் சிவப்பணு செய்யத் தொடங்கிய உடம்புக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விட்டதாம். சிலருக்கு அப்படி ஆகுமாம். இனி இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காலெடுத்து வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போடலாமா என்று நான் கேட்டேன். அக்கா முறைத்தாள்.

கடற்கரையில் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்தார்கள். பத்து நாள் விடுப்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் கூட இருந்தார்கள். போய் நாலாம் நாள் என் மருமகள் அவர் விரலில் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்று ஆறு. கருவி பழுது என்றார் அத்தான். அந்த எண்ணை அவர் இருபத்திரண்டு வருடத்தில் யார் விரலிலும் பார்த்ததில்லை. தெருவில் போன தபால்காரரைக் கூப்பிட்டு மாட்டினார், தொண்ணூற்று எட்டு. சண்டையின் நடுவில் சம்பந்தியம்மாவுக்கு மாட்டினார், அவருக்கும் தொண்ணூற்று எட்டு. வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

“இவ்வளவு காத்து இங்க சும்மாவா கெடக்குது?” என்றார்.

விடுப்பு முடிந்த அன்று காலை நான் வேனைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். மாப்பிள்ளைக்கும் மேலேயே வேலை கிடைத்திருந்தது. இரண்டு பேரும் போய் நடு விடுதியில் மூன்று ராத்திரி சும்மா இருக்க வேண்டும். பெட்டிகளை ஏற்றியாயிற்று. அக்கா மகளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தாயிற்று. அத்தான் மட்டும் சட்டைப் பையிலிருந்து கிளிப்பை எடுத்தார்.

“ஏறறதுக்கு முன்னாடி விரலை வை.”

“இங்க எதுக்குப்பா?” என்றாள். ஆனாலும் நீட்டினாள்.

சிவப்பு வெளிச்சம் எரிந்தது. தொண்ணூற்று எட்டு. அவர் கிளிப்பை எடுக்கவில்லை. குனிந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. என் இருக்கையிலிருந்தே தெரிந்தது.

“போதும்ப்பா, நேரமாச்சு.”

“இரும்மா. எண் இன்னும் நிக்கல.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன்.

“அத்தான், வண்டி ஸ்டார்ட் ஆகல.”

அவர் முன்மூடியைத் திறந்து பார்க்க வரவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அவசரமில்ல, மச்சான்” என்றார். “மெதுவாப் பாரு.”